செதாவார்ச் செடியை அறிவோம்

பால்மரக் காட்டின் ஓரங்களிலும், வடிகால்களின் கரைகளிலும், வெயில் நேராக விழாத ஈரமான பள்ளங்களிலும் ஆள் உயரத்தையும் மிஞ்சி வளர்ந்து நிற்கும் ஒரு செடியைத் தோட்ட மக்கள் பலர் கண்டிருப்பர். அதன் தண்டின் நுனியில் சிவந்த கூம்பு ஒன்று இருக்கும். அக்கூம்பிலிருந்து, கசக்கி விரித்த மெல்லிய காகிதம் போன்ற வெண்மலர் ஒன்றோ இரண்டோ காலையில் மலர்ந்திருக்கும். நடுவில் இலேசான மஞ்சள் நிறம் தெரியும. மறுநாள் அம்மலர் வாடிவிடும். அதே கூம்பில் வேறொன்று மலரும். மலாய்க்காரர்கள் இச்செடியைச் செதாவார் என்று அழைக்கின்றனர்.

இம்மாதப் பாடத்திற்கு இச்செடியை நாம் எடுத்துக்கொண்டமைக்கு இரண்டு காரணங்கள் உள. லயத்து வீடுகளின் பின்புறத்தில், குளியலறைச் சுவரை ஒட்டியோ வாழைக்கூட்டத்தின் அடியிலோ, எந்தக் காய்கறியும் ஒழுங்காக வளராத ஈரநிலம் ஒரு துண்டேனும் கிடப்பதுண்டு. மிளகாய் நட்டால் அழுகும். கத்தரி நட்டால் காய்க்காது. அத்தகைய இடத்தை விரும்பி வளரும் செடி இது. இஃது ஒரு காரணம். மற்றொன்று சற்றுக் கவலைக்குரியது. இது நீரிழிவைப் போக்கும் என்னும் பேச்சு கைப்பேசிச் செய்திகள் வழியாகவும் வாய்வழியாகவும் பரவுகிறது. அதனை நம்பி, காட்டோரத்தில் கண்ட செடியை வெட்டி வந்து காய்ச்சிக் குடிப்போர் இருக்கின்றனர். செடி எது, அதில் என்ன இருக்கிறது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெளிவாக அறிந்த பின்னரே அதனை வீட்டில் வைத்துக்கொள்வது தக்கதாகும்.

அடையாளம் காணும் முறை

பூக்காத காலத்தில் செதாவாரை லெங்குவாஸ் எனப்படும் பேரரத்தையோடும், புங்கா காந்தானோடும் பலர் மாற்றி எண்ணிவிடுகின்றனர். மூன்றும் உயரமானவை, மூன்றும் மண்ணுக்குள் கிழங்கு விட்டுப் புதராகப் பெருகுபவை. ஆயினும் வேறுபாட்டைக் காணப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு, அடியிலுள்ள இலையில் விரலை வைத்து, அடுத்த இலை, அதற்கடுத்த இலை என்று மேல்நோக்கி நகர்த்திப் பாருங்கள். செதாவாராயின் நம் விரல் தண்டைச் சுற்றிச்சுற்றி, சுழற்படியில் ஏறுவது போல மேலே செல்லும். இஞ்சியிலும் பேரரத்தையிலும் காந்தானிலும் இலைகள் தண்டின் இரு பக்கங்களில் மட்டுமே வரிசையாக நிற்கும். விரல் இடமும் வலமுமாக மாறிமாறிச் செல்லுமேயன்றிச் சுற்றாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இலையமைப்பைக் கற்பிக்க இதனைவிட எளிய பொருள் கிடைப்பது அரிது.

அடுத்த சோதனை மூக்குக்குரியது. இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தால் இஞ்சிக் குடும்பத்துச் செடிகளில் காரமான மணம் எழும். செதாவாரில் அம்மணம் இராது. தாவர நூலார் இதனை இஞ்சிக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனிக் குடும்பத்தில் வைத்தமைக்கு இலைகளின் சுழல் வரிசையும் இந்த மணமின்மையும் முக்கியமான காரணங்கள். இலையின் அடிப்புறத்தைத் தடவினால் பட்டுப்போன்ற மென்மயிர் கையில் படும். தண்டும் நேராக நில்லாமல் மெல்லச் சுழன்று வளைந்து செல்லும். நல்ல ஈரமுள்ள இடத்தில் அது 2 மீட்டர் முதல் 3 மீட்டர் வரை உயர்வதுண்டு.

மலர் உதிர்ந்த பின்னும் சிவந்த கூம்பு வாடாமல் நெடுநாள் இருக்கும். பின்னர்ச் சிறிய சிவந்த காய்கள் வெடிக்கும். உள்ளே கரிய விதைகளும் அவற்றைப் பற்றிய வெண்ணிறச் சதையும் காணப்படும். கூம்பின் செதில்களில் எறும்புகள் எந்நேரமும் ஊர்ந்துகொண்டிருப்பதைக் கண்டு, செடிக்குக் கேடு வந்துவிட்டது என்று பூச்சிமருந்து தெளிக்க வேண்டா. செதில்களின் வெளிப்புறத்தில் இனிய நீர் சுரக்கிறது. அதனை உண்ணவே எறும்புகள் வருகின்றன. வளரும் விதைகளைப் பிற பூச்சிகளிடமிருந்து காத்தும் தருகின்றன.

இங்கு மற்றொரு செடியையும் குறிப்பிட வேண்டியுள்ளது. இன்சுலின் செடி என்னும் பெயரில் தொட்டிகளில் விற்கப்படுவது இதன் குடும்பத்தைச் சேர்ந்ததே எனினும் இதுவன்று. அது பிரேசில் நாட்டிலிருந்து வந்தது, குட்டையானது, ஆரஞ்சு நிறப் பூவும், அடிப்புறம் செந்நீலம் படிந்த இலையும் உடையது. ஒன்றைப் பற்றிக் கேட்ட செய்தியை மற்றொன்றின்மேல் ஏற்றிப் பேசுவதும் குழப்பத்திற்கு ஒரு காரணமாகிறது.

பெயரால் விளையும் மயக்கம்

தமிழ் மூலிகை நூல்கள் சிலவற்றில் இச்செடிக்குக் கோஷ்டம் என்னும் பெயர் தரப்பட்டிருப்பதைக் காணலாம். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் காஷ்மீரத்து மலைகளில் விளையும் முற்றிலும் வேறான ஒரு செடியின் வேராகும். அது குளிர்நாட்டுச் செடி, மணமுள்ள வேர். தென்னிந்தியாவில் அவ்வேருக்குப் பதிலாகச் செதாவாரின் கிழங்கைப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தமையால் பெயரும் இதன்மீது படிந்துவிட்டது. ஆகவே பழைய நூலொன்றில் கோஷ்டத்தைப் பற்றிப் படித்துவிட்டுக் கொல்லையிலுள்ள செதாவாரைத் தோண்டுவது சரியன்று. மலையாளிகள் இதனைச் சன்னக்கூவா என்பர். மயக்கமில்லாத பெயர் வேண்டுமாயின் இந்நாட்டில் செதாவார் என்பதே போதுமானது.

இச்செடியை அறிவியல் முறையில் முதன்முதல் விவரித்தவருக்கும் தமிழகத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. டேனிஷ்காரர்களின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு 1768-இல் மருத்துவராக வந்து சேர்ந்த கோனிக் என்பவரே அவர். 1779-இல் சயாமுக்கும் மலாக்காவுக்கும் பயணம் செய்து செடிகளைத் தேடியவர். அவர் எழுதிய விவரம் 1783-இல் அச்சேறியது. அதன்பின் அறிவியற் பெயர் பலமுறை மாறிவிட்டது. நெடுங்காலம் கோஸ்டஸ் ஸ்பீசியோசஸ் என்றிருந்ததை இப்போது ஹெல்லெனியா ஸ்பீசியோசா என்று எழுதுகின்றனர். பால்மரத்தை இந்நாட்டில் பரப்பப் பாடுபட்ட ரிட்லியும், தீபகற்பத்தின் இஞ்சி இனச் செடிகளைப் பற்றி 1899-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வினத்தை ஆராய்ந்துள்ளார்.

மலாய்க்காரர்களின் தெப்போங் தாவார் சடங்கில் மாவு கலந்த நீரைத் தெளிப்பதற்காகக் கட்டப்படும் இலைக்கொத்தில் செதாவாரும் இடம் பெறுவதுண்டு. அண்டை வீட்டு மலாய் அன்பர்கள் இவ்விலையை நாடி வந்தால் அதன் பொருள் இதுவே.

நடுதலும் பேணலும்

ஈரம் காக்கும் நிலம் வேறு. நீர் தேங்கும் நிலம் வேறு. செதாவார் முன்னதை விரும்பும்; பின்னதில் அதன் கிழங்கு அழுகும். இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஓரடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, மாலையில் அதனை நீரால் நிரப்புக. மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அவ்விடம் அப்படியே உதவாது. வடிகாலிட்டு, மண்ணை அரையடி உயர்த்திப் பாத்தி கட்டிய பின்னரே நட வேண்டும். நீர் வடிந்து, மண் மட்டும் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாயிருந்தால் அதுவே ஏற்ற இடம்.

நிழல் என்றவுடன் இருட்டு என்று எண்ணிவிடக் கூடாது. முழு இருட்டில் செடி நெட்டையாக மெலிந்து வளர்ந்து, ஒரு புறம் சாய்ந்துவிடும், பூக்காது. நண்பகல் வெயில் முழுதும் பட்டாலோ இலையின் ஓரங்கள் கருகும். காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் பட்டு, பிற்பகலில் வாழையோ மரமோ நிழல் தரும் இடம் மிக நன்று. வீட்டு வாசலுக்கும் பிள்ளைகள் நடமாடும் வழிக்கும் சற்றுத் தள்ளியே நடுக. அடர்ந்த ஈரப்புதர் எதுவாயினும் பாம்பு ஒதுங்கும். தோட்ட வீடு நிர்வாகத்திற்குரியது என்பதால், வேலியோரத்தில் நடுவதற்கு முன் ஒரு சொல் கேட்டுக்கொள்வதும் நல்லது. மருந்தடிக்க வருவோர் அறியாமல் அழித்துவிடாதிருக்கவும் அஃது உதவும்.

நடுவதற்குச் சிறந்தது கிழங்கு. இரண்டு முளைக்கண்களாவது உள்ள துண்டாக வெட்டி, வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் வைத்து, கண் மேல்நோக்கி இருக்குமாறு 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் பதிக்கலாம். துண்டுக்குத் துண்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். கிழங்கு கிடைக்காவிடில் தண்டும் போதும். பூத்து முடிந்த தண்டை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, ஈர மணலில் படுக்கை வாட்டில் பாதி புதையுமாறு வைத்து நிழலில் பாதுகாத்தால், கணுக்களில் முளைவிடும். வேர் நன்கு பிடித்த பின் எடுத்து நடலாம். விதையிலிருந்தும் வளர்க்கலாம் எனினும் அதற்குப் பொறுமை மிகுதியாக வேண்டும்.

எருவுக்காகக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் இலை உதிர்க்கும்போது சருகைக் கூட்டி ஒரு மூலையில் குவித்து, நனைத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் கரிய மக்காகிவிடும். அதனோடு நன்கு மக்கிய ஆட்டெருவோ மாட்டெருவோ சேர்த்தால் போதும். செடியைச் சுற்றிச் சருகைப் பரப்பி வைப்பது வறண்ட நாட்களில் வேரின் ஈரத்தைக் காக்கும். மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதியாகப் பெய்வதால், அம்மழைகளின் தொடக்கமே நடவுக்கு ஏற்ற காலம். குளியலறையின் சவர்க்கார நீரை நேரே செடியின் அடியில் விடுவது தகாது.

நோய் அதிகம் இல்லை. நத்தைகள் இளந்தளிரைத் தின்னும். கையுறை அணிந்து பொறுக்கி அகற்றி, பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பூத்து முடிந்த தண்டு மீண்டும் பூக்காது; அதனை அடியோடு வெட்டிவிட்டால் புதுத்தண்டுக்கு இடம் கிடைக்கும்.

கொசுவைப் பற்றி இவ்விடத்திலேயே கூறிவிடுவது நலம். 2023-ஆம் ஆண்டில் மலேசியாவில் 1,23,000-க்கும் மேற்பட்டோர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 100 பேர் உயிரிழந்தனர். செடி கொசுவை வளர்ப்பதில்லை. செடிக்கு ஊற்றுவதற்கென்று மூடாமல் வைக்கும் வாளியும், தொட்டியின் அடித்தட்டும், நிழலில் மறந்துவிட்ட உடைந்த மங்கும்தான் வளர்க்கின்றன. வீட்டு எல்லைக்குள் கொசுப்புழு வளர இடந்தருவது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும். வாரத்திற்கு ஒருமுறை அவ்வீர மூலையைச் சுற்றிப் பார்த்து, நீருள்ள எதனையும் கவிழ்த்துவிடுக.

மருந்தாகக் கொள்வது பற்றி

செதாவார் மூலிகையா என்று கேட்டால், ஆம் என்பதே விடை. காய்ச்சல் கண்டவரின் உடலை இவ்விலை கொதித்த நீரால் துடைப்பது இந்நாட்டு மலாய்க்காரரின் பழைய வழக்கம். தாவார் என்னும் மலாய்ச் சொல்லுக்கு வேகத்தைத் தணித்தல், முறித்தல் என்னும் பொருளும் உண்டு. வெதுவெதுப்பான நீரால் உடலைத் துடைப்பதில் தீங்கில்லை, இதமாக இருக்கும். ஆனால் காய்ச்சல் டிங்கியா, எலிச்சிறுநீர்க் காய்ச்சலா, வேறொன்றா என்பதை அந்நீர் கூறாது. இரண்டு நாள் காய்ச்சல் நீடித்தால் இரத்தச் சோதனைக்குச் சென்றே ஆக வேண்டும்.

இதன் கிழங்கில் டயோஸ்ஜெனின் என்னும் பொருள் உண்டு. 1940-களில் மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து இப்பொருளை எடுத்து, தொழிற்சாலையில் மாற்றி, உடலின் சுரப்புநீர்களை ஒத்த மருந்துகள் செய்தனர். கருத்தடை மாத்திரைகளும் அவ்வழியே பிறந்தவை. அதே பொருளைத் தேடி, 1970-களில் இந்திய ஆய்வாளர்கள் செதாவாரின் கிழங்கையும் ஆராய்ந்தனர். இதனைக் கேட்டுவிட்டுக் கிழங்கைத் தின்றால் அதே பயன் கிட்டும் என்று கருதுவது தவறு. பால்மரத்துப் பாலைத் தரையில் ஊற்றினால் அது காலணியாகிவிடுவதில்லை. இடையில் ஆலை ஒன்று இருக்கிறது அன்றோ?

அதே வேளையில், இது தீங்கற்ற கீரையென்று எண்ணுவதும் தவறு. கருவைக் கலைப்பதற்கு இதனைக் கொடுத்த பழக்கம் பல நாடுகளில் இருந்துள்ளது. ஆகவே கருவுற்ற பெண்களும், கருவுற்றிருக்கக்கூடும் என்னும் ஐயமுள்ள பெண்களும் எவ்வடிவத்திலும் இதனை உட்கொள்ளலாகாது. தண்டின் சாற்றைக் கண்ணிலும் காதிலும் விடும் வழக்கத்தையும் இத்துடன் கைவிட வேண்டும். செடியிலிருந்து பிழிந்த சாறு எவ்வளவு புதிதாயினும் கண்ணில் விடத்தக்க தூய்மை உடையதன்று.

இனி நீரிழிவைப் பற்றிப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் அது 15.6 விழுக்காடாக இருந்தது. இந்தியரிடையே இந்நோய் மிகுதி என்பதை யாவரும் அறிவர். இத்தகைய நிலையில், கொல்லையில் உள்ள இலை நோயைத் தீர்க்கும் என்று ஒருவர் கூறினால் மனம் அதனை நாடுவது இயல்பே. தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் செதாவாரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை நீரிழிவுள்ள எலிகளுக்குக் கொடுத்து, சர்க்கரை குறைந்ததாக 2009-இல் வெளியிட்டனர். அந்தச் செய்தி மெய். ஆனால் எலிக்குக் கொடுத்தது ஆய்வுக்கூடத்தில் பிரித்து, நிறுத்து அளந்த தூய பொருள். நாம் குடிப்பது ஒரு கைப்பிடி இலையைக் காய்ச்சிய நீர். அதில் அப்பொருள் எவ்வளவு இருக்கிறதென்று காய்ச்சியவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது.

பால்வெட்டுத் தொழிலாளிக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. விடியுமுன் எழுந்து, வெறுந்தேநீர் குடித்துவிட்டு, நெற்றி விளக்குடன் நிரைக்குப் போகிறவர் அவர். இன்சுலினோ, கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, அதன்மேல் மூலிகைக் கஷாயமும் குடித்து, உணவும் கொள்ளாமல் மரத்துக்கு மரம் நடந்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை பெருகும், நெஞ்சு படபடக்கும், பேச்சும் நினைவும் தடுமாறும். கையிலோ கூரிய கத்தி, அருகிலோ ஆளில்லை. இக்குறிகள் தோன்றியவுடன் உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கலந்த நீரைக் குடிக்க வேண்டும். பின்னர் உணவு கொள்ள வேண்டும். நீரிழிவுள்ளவர் சட்டைப்பையில் சிறு பொட்டலம் சர்க்கரை வைத்துக்கொள்வது பயன் தரும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல், உடனே மருத்துவ உதவிக்கு ஆளனுப்புக.

இதற்கு மாறாக, கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவோரின் நிலை இன்னும் கொடிது. அவர்களுக்கு உடனே ஒன்றும் தோன்றாது. சில மாதங்கள் நலமாகவே இருப்பதாக எண்ணுவர். சிறுநீரகமும் கண்ணும் அதற்குள் கெட்டுக்கொண்டிருக்கும். காலில் ஒரு முள் குத்தியதும் உணர்ச்சியின்மையால் தெரியாது; பின்னர் அப்புண்ணின்மீதே அரைத்த இலையை வைத்துக் கட்டுவர். நீரிழிவுள்ளவரின் காற்புண் எவ்வளவு சிறிதாயினும், அதன்மீது செதாவாரோ வேறெந்தப் பச்சிலையோ வைக்காமல், அன்றே மருந்தகத்தில் காட்ட வேண்டும். விரலை இழப்பதும் பாதத்தை இழப்பதும் இத்தகைய ஒரு வாரத் தாமதத்தால் நேர்பவை.

காட்டோரத்தில் வெட்டி வருவதை நாம் ஏற்காமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. வடிகால் கரைகளில் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. பாரகுவாட் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டிருப்பினும், பிற களைக்கொல்லிகள் வழக்கில் உள்ளன. தெளித்த அன்றே இலை வாடிவிடுவதில்லை, பச்சையாகவே நிற்கும். பார்ப்பவருக்கு எதுவும் புலப்படாது. சடங்குக்கோ, உடல் துடைக்கும் நீருக்கோ இலை வேண்டுமென்றால், நாமே நட்டு, நாமே காத்த செடியிலிருந்து பறிப்பதே அச்சமற்றது. கடையில் மூலிகைத் தூளாகவோ மாத்திரையாகவோ வாங்குவோர், பொட்டலத்தின்மீது எம்.ஏ.எல். என்னும் எழுத்துகளுடன் தொடங்கி டி என்னும் எழுத்துடன் முடியும் பதிவெண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரம்பரிய மருந்தாக அரசாங்கத்திடம் பதிவு பெற்றதற்கு அதுவே அடையாளம்.

ஏற்கெனவே இச்செடியை உட்கொண்டு வருவோர் எவரேனும் இருப்பின், அடுத்த முறை அரசாங்க மருந்தகத்திற்குச் செல்லும்போது அதனை மறைக்காமல் கூறுக. ஏசுவார்களோ என்று அஞ்சிச் சொல்லாது விடுவோர் பலர். மருத்துவருக்கு அது தெரியாவிடில், சர்க்கரை ஏறியதற்கோ இறங்கியதற்கோ காரணம் புரியாமல் மருந்தின் அளவை மாற்றிவிட நேரும். பெயரை மட்டும் கூறுவதைவிட, இலைகளும் கூம்பும் உள்ள ஒரு தண்டை வெட்டி எடுத்துச் செல்வது மேல். வாந்தியோ மயக்கமோ கண்டு மருத்துவமனைக்கு விரைய நேரும்போதும், செடியின் ஒரு பகுதியையும் காய்ச்சிய பாத்திரத்தில் எஞ்சியதையும் உடன் கொண்டு செல்க. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை மருத்துவர்கள் கலந்துகொள்ளும்போது, உட்கொண்டது எந்தச் செடி என்பதே முதலில் எழும் கேள்வியாக இருக்கும்.